டிக்கி ஏன் நிற்க மாட்டேன் என்கிறது: கேஸ் ஷாக் வேலை செய்யும் விதமும் மாற்றும் முறையும்

பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிய ஹேட்ச்பேக் கார்கள் பலவற்றின் டிக்கியில் சாமான்களோடு ஒரு மரக்கட்டையும் கிடக்கும். கதவைத் தூக்கி, கட்டையை முட்டுக் கொடுத்து, பையை எடுத்துவிட்டு, மறுபடி கட்டையை உள்ளே போட்டு மூடுவது அந்த வீட்டுக்கே பழகிப்போயிருக்கும். ஒரு நாள் கட்டை வழுக்கினால், கண்ணாடியும் வைப்பர் மோட்டாருமாகப் பதினைந்து கிலோவுக்குக் குறையாத கதவு, குனிந்து நிற்பவரின் பிடரியில் இறங்கும். குழந்தைகள் பள்ளிப் பையை எடுக்கத் தலையை நீட்டும் இடம் அது. பிரேக் தேய்ந்தால் உடனே பட்டறைக்குப் போகிறோம், இதை மட்டும் வருஷக்கணக்கில் தள்ளிப்போடுகிறோம். தள்ளிப்போட வேண்டிய அளவுக்கு இது பெரிய வேலையும் இல்லை. இரண்டு பேர் இருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

அந்தக் கதவைத் தாங்குவதற்காக இரண்டு பக்கமும் இருக்கும் கறுப்பு உருளைகளைத்தான் கேஸ் ஸ்ட்ரட் என்கிறோம். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ‘டிக்கி ஷாக்’ என்று கேட்டாலே எடுத்துத் தருவார்கள். சில வண்டிகளில் பானெட்டுக்கும் இதே வகை உண்டு. செடான் கார்கள் பலவற்றின் டிக்கி மூடி முறுக்கிய எஃகுக் கம்பியின் விசையில் திறக்கும், அங்கே இந்தக் கதை பொருந்தாது. பட்டனை அழுத்தினால் தானே திறந்து மூடும் புது வண்டிகளின் கதவும் வேறு கதை, அதற்குள் மோட்டார் இருக்கிறது.

உள்ளே இருப்பது சுருள் இல்லை

பார்த்தால் உள்ளே ஒரு சுருள்வில் இருக்கும் என்றுதான் தோன்றும். அப்படி எதுவும் கிடையாது. முழுக்க மூடி அடைத்த ஓர் எஃகு சிலிண்டர், அதற்குள் மிக அதிக அழுத்தத்தில் நைட்ரஜன் வாயு, கொஞ்சம் எண்ணெய், ஒரு பிஸ்டன், பிஸ்டனோடு சேர்ந்து வெளியே நீண்டிருக்கும் வழுவழுப்பான ராடு, ராடு வெளியே வரும் வாயில் ஒரு ரப்பர் சீல். அவ்வளவுதான். ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரத்தில் இருக்கும் ஸ்டபிலஸ் நிறுவனம் 1962இல் இவற்றைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. அடிப்படை அமைப்பு இன்றுவரை அதேதான்.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. பிஸ்டனில் சின்னத் துளை உண்டு. அதன் வழியே வாயு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வரும். ஆக, பிஸ்டனின் இரண்டு பக்கமும் அழுத்தம் ஒன்றேதான். அப்படியென்றால் ராடு எதற்காக வெளியே தள்ளப்பட வேண்டும்? ஒரு பக்கம் பிஸ்டனின் முழு முகத்தையும் வாயு தள்ளுகிறது. மறுபக்கம் அந்த முகத்தின் நடுவே ராடு இருப்பதால், ராடின் தடிமன் அளவுக்கு வாயு தள்ளும் பரப்பு குறைந்துவிடுகிறது. அந்த வித்தியாசம்தான் ராடை வெளியே தள்ளும் விசை. சிலிண்டர் எவ்வளவு தடியாக இருந்தாலும் சரி, கணக்கில் வருவது வாயுவின் அழுத்தமும் ராடின் குறுக்குப் பரப்பும் மட்டும்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கார் டிக்கிகளில் 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள ராடு சாதாரணம். அதன் குறுக்குப் பரப்பு ஏறக்குறைய 50 சதுர மில்லிமீட்டர். சிலிண்டரின் மேல் 400 நியூட்டன் என்று அச்சிட்டிருந்தால், அதாவது சுமார் 40 கிலோ எடையைத் தாங்கும் தள்ளுவிசை இருந்தால், உள்ளே 80 பார் அழுத்தம் இருக்க வேண்டும். பெட்ரோல் பங்கில் நாம் சொல்லும் கணக்கில் 1,150 பிஎஸ்ஐக்கும் மேல். டயரில் அடிப்பது 32 பிஎஸ்ஐ. சுண்டுவிரலை விட மெல்லிய ஒரு கம்பி இவ்வளவு பெரிய கதவைத் தூக்குவது இந்த அழுத்தத்தால்தான். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால், கேஸ் ஷாக் பற்றி எதைச் செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்பதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

பதினைந்து கிலோ கதவுக்கு எதற்கு 40 கிலோ விசை, அதுவும் இரண்டு பக்கமும்? ஷாக் பொருத்தப்பட்டிருக்கும் இடம் காரணம். வீட்டுக் கதவைக் கைப்பிடிப் பக்கம் ஒரு விரலால் தள்ளலாம், கீல் பக்கத்தில் தள்ளிப் பாருங்கள், தோளைக் கொடுக்க வேண்டியிருக்கும். டிக்கி ஷாக்கும் கீல் பக்கத்தில்தான் தள்ளுகிறது. உதாரணத்துக்கு 16 கிலோ கதவு, திறந்த நிலையில் அதன் எடையின் மையம் கீலிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளி, ஷாக் தள்ளும் கோடு கீலிலிருந்து 12 சென்டிமீட்டர் தள்ளி என்று வைத்துக்கொள்வோம். கதவு நிற்க மொத்தம் 650 நியூட்டன் வேண்டும், பக்கத்துக்கு ஏறக்குறைய 330. நிறுவனம் 400 போட்டிருந்தால் 70 நியூட்டன் கையிருப்பு இருக்கிறது என்று அர்த்தம். வண்டிக்கு வயசாக ஆக அந்தக் கையிருப்புத்தான் கரைகிறது.

கொடைக்கானலில் மட்டும் விழும் டிக்கி

“ஊரில் நன்றாகத்தான் நின்றது, மலைக்குப் போனதும் விழ ஆரம்பித்துவிட்டது” என்று சொல்பவர்கள் உண்டு. உண்மைதான். வாயு குளிர்ந்தால் அழுத்தம் குறையும், சூடானால் கூடும். பத்து டிகிரிக்கு மூன்றரை சதவீதம் அளவுக்கு வித்தியாசம் வரும். ஷாக்கின் மேல் அச்சிட்ட எண் 20 டிகிரி செல்சியஸுக்கானது. மேலே சொன்ன 400 நியூட்டன் ஷாக், வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் 50 டிகிரியில் 440 காட்டும். ஊட்டி, கொடைக்கானலின் 5 டிகிரி விடியற்காலையில் 380 காட்டும். இரண்டுமே போதும். இப்போது அதே ஷாக் வயசாகி 340க்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னை மதியத்தில் 375 தந்து கதவை ஜம்மென்று நிறுத்தும். கொடைக்கானலில் 323க்கு இறங்கிவிடும், வேண்டியதோ 330. கதவு மெல்லச் சரியும். ஆக, காலையில் விழுந்து மதியம் நிற்கும் டிக்கியைப் பார்த்து ‘சரியாகிவிட்டது’ என்று விட்டுவிடாதீர்கள். ஷாக் எல்லைக்கோட்டில் நிற்கிறது, அவ்வளவுதான்.

அழுத்தம் ஏன் குறைகிறது? வாயு சீல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவது இயல்பு, வருஷங்கள் போனால் அது தவிர்க்க முடியாதது. ஆனால் சீக்கிரமே போவதற்குப் பெரும்பாலும் ராடின் மேற்பரப்புத்தான் காரணம். கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் ராடு சீலை உரசிக்கொண்டு போய்வருகிறது. கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று பட்டு ராடில் ஊசிமுனைத் துருப்புள்ளிகள் விழும். அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் சீலை அறுக்கும். இதைவிடக் கொடுமை பெயிண்டிங் வேலை. டிங்கரிங் பட்டறையில் டிக்கியைத் திறந்து வைத்து ஸ்ப்ரே அடிக்கும்போது ராடை மறைக்காமல் விட்டால், அதன் மேல் பெயிண்ட் துளிகள் மணல் மாதிரி ஒட்டிக் காயும். கதவை மூடியதும் அந்தத் துளிகளெல்லாம் சீலுக்குள் போகின்றன. புது பெயிண்டோடு வந்த வண்டியில் சில மாதத்திலேயே டிக்கி நிற்காமல் போனால், ராடில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள், சொரசொரப்பு தட்டும். வண்டியைப் பெயிண்டிங்குக்கு விடும்போதே ராடில் காகிதம் சுற்றச் சொல்லிவிட வேண்டும்.

ராடில் கறுப்பாக எண்ணெய்ப் படலம் வழிந்திருந்தால் சீல் போய்விட்டது, அதற்கு மேல் சோதனை வேண்டாம். அப்படி எதுவும் தெரியாவிட்டால் கதவைப் பாதி வரை திறந்து, கையை எடுக்காமலே பிடியைத் தளர்த்திப் பாருங்கள். நல்ல ஷாக் அங்கிருந்து மேலே தூக்கும், இல்லாவிட்டால் அந்த இடத்திலேயாவது நிறுத்தும். தளர்ந்த ஷாக் கதவை உங்கள் கையில் இறக்கும். கதவு ஒரு பக்கம் கோணிக்கொண்டு ஏறினால் ஒரு ஷாக் மட்டும் அதிகம் தளர்ந்திருக்கிறது.

இதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். முந்தைய உரிமையாளர் டிக்கிக் கதவில் பெரிய ஸ்பாய்லரோ ஸ்பீக்கரோ மாட்டியிருக்கிறாரா? கூடுதல் எடை கதவின் நுனியில் ஏறினால், கீல் பக்கத்தில் இருக்கும் ஷாக்குக்கு அது பல மடங்கு சுமை. ஷாக்கைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

வாங்கும்போது

முதல் விதி, ஜோடியாக வாங்குங்கள். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் தளர்ந்தது என்று இருந்தால் கதவு தினமும் முறுக்கப்படும். நாளடைவில் இடைவெளி கோணலாகும், லாக் சரியாக உட்காராது.

இரண்டாவது விதி, அதே நியூட்டன். “சார், இன்னும் ஸ்ட்ராங்கா ஒண்ணு இருக்கு, அதப் போடுங்க” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விசை கூடினால் கதவை மூடுவது கஷ்டமாகும், அந்தக் கூடுதல் விசை கீலையும் ஷாக் மாட்டியிருக்கும் தகட்டையும் நாள் முழுக்க அழுத்திக்கொண்டே இருக்கும். கதவு மூடியிருக்கும்போதுதான் ராடு முழுக்க உள்ளே போய் அழுத்தம் உச்சத்தில் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. அச்சிட்ட விசையைவிட அங்கே இருபது முப்பது சதவீதம் அதிகம் இருக்கும். துருவேறிய பழைய வண்டியின் தகடு இதைத் தாங்காது.

வண்டியின் மாடல், வருஷம், கதவு வகை சொன்னால் பெரும்பாலும் சரியான பார்ட் கிடைத்துவிடும். ஸ்விஃப்ட், ஐ10, இன்னோவா மாதிரி வண்டிகளுக்குக் கவலையே இல்லை. கம்பெனியே நம் நாட்டை விட்டுப் போன வண்டிகளுக்குத்தான் தேடல். 2017இல் இந்திய விற்பனையை நிறுத்திய ஷெவர்லே, அதற்கும் முன்பே போன ஓப்பல் வைத்திருப்பவர்கள் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட அளவைச் சொல்லிக் கேட்பது நல்லது. நான்கு அளவுகள் போதும். முழுக்க நீட்டிய நிலையில் ஒரு முனைக் குழியின் மையத்திலிருந்து மறுமுனைக் குழியின் மையம் வரை நீளம், ராடு உள்ளே போகும் தூரம், நியூட்டன் எண், மாட்டும் குண்டின் தடிமன். குண்டு பெரும்பாலும் 10 மில்லிமீட்டர்தான், ஆனாலும் அளந்துவிடுங்கள். சில பழைய ஐரோப்பிய வண்டிகளில் பின்கண்ணாடிச் சூடேற்றிக்கு மின்சாரம் ஷாக் வழியாகவே போகும். முனையில் ஒயர் மாட்டியிருந்தால் அதே வகைதான் வேண்டும்.

சென்னையில் ஜி.பி. ரோட்டுக் கடைகளில் புதிது கேட்டுப் பார்க்கலாம். புதுப்பேட்டை பழைய பாகங்களுக்குப் பேர்போன இடம், கதவு, கண்ணாடி, லைட் என்று நான் தயங்காமல் அங்கே அனுப்புவேன். ஆனால் பழைய கேஸ் ஷாக்கை மட்டும் வாங்க வேண்டாம். கழற்றி விற்கும் ஷாக்கும் உங்கள் வண்டியின் வயசுதான், அதன் சீலும் அதே அளவு கிழடு.

பழைய ஷாக்கில் ஓட்டை போட்டு, வால்வு பற்றவைத்து, காற்று நிரப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். தேய்ந்த சீல் தேய்ந்ததாகவே இருக்கும், சீக்கிரமே மறுபடி கசியும். அதைவிட முக்கியம், நைட்ரஜனுக்குப் பதிலாகச் சாதாரணக் காற்றை அவ்வளவு அழுத்தத்தில் எண்ணெயோடு அடைப்பது தீப்பிடிக்கக்கூடிய கலவை. பற்றவைத்த இடம் விட்டுப்போனால் ஆயிரம் பிஎஸ்ஐ முகத்துக்கு நேராக வெளியே வரும்.

மாற்றும் வேலை

சமதளத்தில், காற்று பலமாக அடிக்காத இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். வேலை தொடங்குமுன் இரண்டு பக்கமும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் எந்த முனையில், ராடு எந்த முனையில் என்பது அதில் தெரிய வேண்டும். டிக்கி மூடியிருக்கும்போது ராடு கீழ்நோக்கி இருக்கும்படிதான் பொதுவாக மாட்டியிருப்பார்கள். உள்ளே இருக்கும் எண்ணெய் கீழே இறங்கிச் சீலை நனைத்துக்கொண்டே இருந்தால்தான் சீல் காயாது. தலைகீழாக மாட்டினாலும் கதவு நிற்கும், ஆனால் ஆயுசு குறையும்.

அடுத்தது கதவைத் தாங்குவது. ஒருவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள, கூடவே கெட்டியான ஒரு கட்டையும் முட்டாக வேண்டும். கட்டையின் நுனியில் துணி சுற்றி, கதவின் தகட்டுச் சட்டத்தில் முட்டுக் கொடுங்கள், கண்ணாடியில் படக் கூடாது. கதவு முழுக்கத் திறந்த நிலையில் இருக்க வேண்டும் என்பது வெறும் வசதிக்காக இல்லை. அந்த நிலையில் ராடு தன் எல்லைக்கு வந்து நின்றுவிடும், அதற்கு மேல் நீளாது. கிளிப்பைக் கழற்றும்போது அது துள்ளிப் பாயாமல் இருக்கக் காரணம் அதுதான். பாதி திறந்த கதவில் கழற்றினால் 40 கிலோ விசை உங்கள் கையில் பாயும்.

இப்போது ஷாக்கின் முனையைக் கிட்டத்தில் பாருங்கள். ஒரு பிளாஸ்டிக் அல்லது இரும்புக் குழி, வண்டியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் உருண்டைக் குண்டின் மேல் கவிழ்ந்திருக்கும். குழியின் வெளிப்புறம் வளைந்த ஒரு மெல்லிய எஃகுக் கிளிப் தெரியும். சின்னத் தட்டை ஸ்க்ரூடிரைவரின் நுனியை அதற்கு அடியில் நுழைத்து, இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் நெம்புங்கள். முழுசாக இழுத்தால் கிளிப் எங்கோ பறந்து போய்விடும். நெம்பிப் பிடித்தபடியே குழியைக் குண்டிலிருந்து நேராக வெளியே இழுத்தால் வந்துவிடும். வராவிட்டால் பலம் போடாதீர்கள், உதவிக்கு நிற்பவரைக் கதவை ஒரு விரற்கடை மேலே தூக்கச் சொல்லுங்கள், இறுக்கம் விடும். மேல் முனை, பிறகு கீழ் முனை. சில வண்டிகளில் கிளிப்புக்குப் பதில் போல்ட் இருக்கும், அங்கே ஸ்பேனர்தான்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் கழற்றுங்கள். கழற்றிய பழசையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீளத்தைப் பாருங்கள், வித்தியாசம் இருந்தால் மாட்ட வேண்டாம். நீளம் கூடினால் கதவு கூரையில் இடிக்கும், குறைந்தால் சரியாகத் திறக்காது. குண்டைத் துணியால் துடைத்து, துரு இருந்தால் சுரண்டி, துளி கிரீஸ் வையுங்கள். குண்டே ஆடினால் அதை முதலில் இறுக்க வேண்டும். பிறகு புது ஷாக்கின் குழியைக் குண்டின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள், டக்கென்று உட்காரும். வெளியே இழுத்துப் பார்த்து, வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு மறு முனைக்குப் போங்கள். பிளையர், வைஸ்கிரிப் எதுவும் ராடில் படவே கூடாது. ராடுக்கு எண்ணெய், கிரீஸ் தடவவும் வேண்டாம், தூசியை இழுத்து ஒட்டவைக்கும்.

இரண்டு பக்கமும் ஆனதும் கட்டையை எடுத்துவிட்டு, முதல் முறை மெதுவாக மூடுங்கள். ஒயரோ பீடிங் ரப்பரோ ஷாக்கில் சிக்குகிறதா என்று பார்க்க வேண்டும். கதவு முன்பைவிட வேகமாக மேலே போகும், வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள்.

பார்ட் வர நாளாகும் என்றால் அதுவரைக்கும் ஒரு வழி உண்டு. ராடு வெளியே தெரியும் நீளத்துக்கு ஒரு பிவிசி பைப்பை வெட்டி, நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு, கதவு திறந்திருக்கும்போது ராடின் மேல் மாட்டிவிட்டால் ஷாக் உள்ளே போக முடியாது. மரக்கட்டையை விட எவ்வளவோ பாதுகாப்பு. மூடுமுன் எடுக்க மறக்கக் கூடாது.

கழற்றிய பழசு

கதவைத் தாங்க முடியாமல் போன ஷாக்கைக் காலியாகிவிட்டது என்று நினைப்பவர்கள் அதிகம். நம் கணக்குக்கே திரும்பிப் பார்ப்போம். 400இலிருந்து 320க்கு இறங்கினாலே கதவு விழுந்துவிடும், ஆனால் உள்ளே ஐந்தில் நாலு பங்கு அழுத்தம் அப்படியே இருக்கிறது. 64 பார், 900 பிஎஸ்ஐக்கு மேல். நம்பிக்கை வராவிட்டால், குளியலறை எடை மெஷினில் ஒரு கெட்டிப் பலகையை வைத்து, அதன் மேல் ஷாக்கை ராடு கீழே இருக்கும்படி நேராக நிறுத்தி, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, துணியோடு பிடித்து மெல்ல அழுத்திப் பாருங்கள். ராடு நகரத் தொடங்கும்போது மெஷின் முப்பது கிலோவுக்கு மேல் காட்டும், ‘போன’ ஷாக்கே இப்படி.

அதனால் பழசை அறுக்காதீர்கள், துளை போடாதீர்கள், குப்பையோடு சேர்த்துக் கொளுத்தாதீர்கள். நெருப்பில் விழுந்தால் அழுத்தம் ஏறி சிலிண்டர் வெடிக்கும். மாற்றிக் கொடுத்த பட்டறையோ வாங்கிய கடையோ திரும்ப எடுத்துக்கொண்டால் அங்கேயே விட்டுவிடுங்கள். பழைய இரும்புக் கடைக்குத்தான் போக வேண்டும் என்றால், சிலிண்டரின் மேல் மார்க்கரால் ‘உள்ளே கேஸ் இருக்கு, வெட்டாதீங்க’ என்று பெரிதாக எழுதி, எடை போடுகிறவர் கையில் கொடுத்து வாயாலும் சொல்லிவிட்டு வாருங்கள். கேஸ் கட்டிங் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தொழிலாளிக்கு அந்தக் கறுப்புக் குழாய்க்குள் என்ன இருக்கிறது என்று வேறு யாரும் சொல்லப் போவதில்லை.